மூத்த சாரதிகளும் படிக்கப்படாத காப்புறுதிப் பத்திரமும்

பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி ஏ-9 நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இடம் கொடிகாமம் சந்தி. தேங்காயும் பலாப்பழமும் ஏற்றிய லொறிகள், கொழும்பு பஸ்கள், பாடசாலைக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும் விரையும் மாணவரின் சைக்கிள்கள் என்று சந்தை கூடும் காலைப்பொழுதில் அங்கு கால்வைக்க இடமிருப்பதில்லை. இந்த நெருக்கடியினூடே எழுபது வயதை எட்டிய ஓய்வூதியர்கள் தமது கார்களைத் தாமே ஓட்டிச் செல்வது இன்று சாதாரண காட்சியாகிவிட்டது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்குச் செல்வதானாலும் வங்கிக்குச் செல்வதானாலும் அவர்களுக்கு வேறு வழியில்லை.

இவர்களுள் பெரும்பாலானோர் வாகனக் காப்புறுதியை வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கான ஒரு சடங்காகவே கருதி வருகின்றனர். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. எனவே கிடைப்பதில் மலிவானதை வாங்கி, பத்திரத்தை மடித்து வைத்துவிடுகின்றனர். நமது வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் பொறுப்பேற்பதே இக்காப்புறுதியின் நோக்கமாகும். சொந்தக் கார் மரத்தில் மோதி நொறுங்கினால் ஒரு சதமும் கிடையாது.

யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை இன்னும் பேணி வருவோருக்கு இதுவே போதும் என்று கூறலாம். அத்தகைய பழைய வாகனங்களுக்கு முழுக் காப்புறுதி வழங்க நிறுவனங்களும் தயங்குகின்றன. ஆனால் ஓய்வூதியப் பணிக்கொடையைக் கொட்டி ஜப்பான் கார் வாங்கியவரின் நிலை வேறு. அந்தக் காரே அவரது வாழ்நாள் சேமிப்பு.

முழுக் காப்புறுதி எடுத்தவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு ஒரு சம்பவத்தைக் குறிப்பிடலாம். நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல வருடங்களாக முப்பது இலட்சம் ரூபா என்ற அதே பெறுமதிக்கே தமது காரைக் காப்புறுதி செய்து வந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை உச்சத்துக்குச் சென்றதை யாவரும் அறிவர். அவரது காரின் சந்தைப் பெறுமதி அறுபது இலட்சமாகியிருந்த வேளையில் விபத்து நேர்ந்தது. திருத்தச் செலவு ஆறு இலட்சம். நிறுவனம் வழங்கியதோ மூன்று இலட்சம். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவருக்கு நட்டத்திலும் பாதியே கிடைக்கும் என்ற சராசரி விதி அவரது பத்திரத்தில் இருந்தது. பெரும்பாலான பத்திரங்களில் அது உண்டு. தவணைக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்களுக்கு அவர் கொடுத்த விலை இது.

அடுத்து வயது. பிரித்தானியாவில் எழுபது வயதில் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை. ஜப்பானில் எழுபத்தைந்தைக் கடந்தோர் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். இங்கும் புதுப்பிப்பதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவை. ஆயினும் சான்றிதழ் பெற்ற அடுத்த வருடமே கண்ணில் புரை வளரலாம், நீரிழிவு முற்றலாம். காப்புறுதி என்பது பரிபூரண நம்பிக்கையின் மீது அமைந்த ஒப்பந்தமாதலால், விண்ணப்பத்தில் கேட்கப்பட்ட நோயை மறைத்திருந்தால் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. மறைப்பதற்கு முகவரே சில வேளைகளில் ஆலோசனை கூறுவதும் உண்டு. விபத்து நேர்ந்தபின் அந்த முகவரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் மகனோ பேரனோ தகப்பனின் காரை எடுத்து ஓட்டுவது வழக்கம். அந்நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கு போதாது. இலங்கையில் அதற்குரிய அங்கீகாரம் பெறப்பட வேண்டும். பெறாமல் ஓட்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதி துணைக்கு வராது. அயலவரைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும்போது நேரும் விபத்துக்கும் தனியார் பாவனைக்கான பத்திரம் பொறுப்பேற்காது.

நமது வாசகர்கள் கூடுதல் அக்கறையுடன் நோக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் ஏற்படும் சேதம் சாதாரண முழுக் காப்புறுதியில் அடங்குவதில்லை. மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். அதற்கான நிதியை 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிர்வகிக்கின்றது. 1983 ஜூலையை அறிந்த தமிழருக்கும், 2014இல் அளுத்கமவையும் 2018இல் திகனையையும் 2019இல் மினுவாங்கொடையையும் கண்ட முஸ்லிம்களுக்கும் இது வெறும் சிறு எழுத்து வாசகமாக இருக்க முடியாது. வெள்ளமும் அவ்வாறே, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிய பின்னரும் தமது பத்திரத்தில் இயற்கை அனர்த்தம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்க்காதோர் பலர்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, மீண்டு வந்து சோனகர் தெருவிலும் சாவகச்சேரியிலும் வாழ்வைத் தொடங்கிய முஸ்லிம் மக்களுக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. நிலையான தவணைக் கட்டணத்துடன் கூடிய வணிகக் காப்புறுதி ஆகாதென்றும், கூட்டுறவுக் காப்புறுதி ஆகுமென்றும் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி 1985இல் தீர்மானித்தது. அங்கத்தவர் நன்கொடையாக வழங்கும் பணம் பொது நிதியாகி, நட்டமுற்றவருக்கு அதிலிருந்து உதவும் தகாபுல் முறை இலங்கையில் 1999 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் வற்புறுத்தும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியை நிர்ப்பந்தமெனக் கொண்டு அனுமதிக்கும் உலமாக்கள் உள்ளனர். முழுக் காப்புறுதி அவரவர் விருப்பத்துக்கு உரியது. ஆகவே கேள்வி அங்கேதான் கூர்மையடைகின்றது. தகாபுலிலும் பெறுமதி, விலக்குகள், மேலதிகப் பாதுகாப்பு ஆகியவற்றைப் படித்தறியும் கடமை இல்லாது போவதில்லை.

படிப்பது எந்த மொழியில் என்பதே இறுதியில் எஞ்சும் சிக்கல். நாற்பது வருடம் தமிழில் கற்பித்த ஆசிரியரின் கைக்கு வந்ததோ பொடி எழுத்து ஆங்கிலப் பத்திரம். தமிழ்ப் பிரதியைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று என்பதை நிறுவனங்களும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் உணர வேண்டும். இழப்பீடு தொடர்பான பிணக்குகளைக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம் என்பதும் கிராமங்களில் பலருக்குத் தெரியாது.

மேற்குறித்த ஆசிரியர் இவ்வருடம் காரின் பெறுமதியை அறுபது இலட்சமாக உயர்த்திப் புதுப்பித்துள்ளார். கலவரப் பாதுகாப்பைச் சேர்த்தீர்களா என்று கேட்டோம். பத்திரத்தை எடுத்து வந்து நம்மிடமே நீட்டினார்.