கூண்டு வந்துவிட்டது, குருவி வரவில்லை

எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடி நீளக் கூண்டு ஒன்று காலியாக நிற்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள், பிறகு என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு "பறந்து போயிடுச்சா?" என்கிறார்கள். மாடி வீட்டு மாமி ஒருபடி மேலே போய், "எப்போ செத்துது?" என்றே கேட்டுவிட்டார். இன்னும் வாங்கவில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. குருவி வாங்காமல் கூண்டு மட்டும் வாங்கிய குடும்பத்தை இந்தத் தெரு பார்த்ததில்லை போலும்.

நம் ஊர் வழக்கம் நேர்மாறானது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பழைய மேசை பார்க்கப் போகிறோம். குழந்தை கையைப் பிடித்து இழுக்கிறது. நாலு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு ஜோடி, கையடக்கமாக ஒரு கூண்டு, முட்டையிட ஒரு மண்கலயம், ஒரு கிலோ தினை என்று எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கே வைப்பது என்ற பேச்சே வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் தொடங்கும். என் கட்சி வேறு. ஃபிஞ்ச் வளர்ப்பில் பெரும்பகுதி வேலை பறவை வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வந்த பிறகு செய்ய அதிகமில்லை; செய்யவும் கூடாது.

ஏழாவது படிக்கும் மகள் கேட்டது நாய். அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டத்தை நினைத்தே அது கைவிடப்பட்டது. லவ் பேர்ட்ஸ் வேண்டாம் என்றேன். மதியத் தூக்கம் எனக்கு முக்கியம். கடைசியில் ஜீப்ரா ஃபிஞ்சில் வந்து நின்றோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்துப் பறவை. 10 சென்டிமீட்டர் நீளம், சுமார் 12 கிராம் எடை. ஆணுக்குக் கன்னத்தில் செம்பழுப்புத் திட்டு, மார்பில் வரிக்குதிரைக் கோடு, விலாவில் வெள்ளைப் புள்ளிகள். பெண் சாம்பல் நிறத்தில் அடக்கமாக இருக்கும். பாடுவது ஆண் மட்டுமே. அந்தப் பாட்டையும் அது பிறவியிலேயே கொண்டுவருவதில்லை, அப்பாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. மனிதக் குழந்தை பேச்சைக் கற்பதை ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க இந்தப் பறவையைத்தான் வளர்க்கிறார்கள். கோழிக்கு அடுத்தபடியாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட பறவை இதுதான், 2010இல் வெளியிட்டார்கள்.

வாங்கும் முன் மகளோடு ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. இது கையில் ஏறும் பறவை அல்ல. தோளில் உட்காராது, பேர் சொன்னால் திரும்பாது, கையை உள்ளே விட்டால் பயந்து கம்பியில் மோதும். பார்க்க மட்டுமே. "அப்போ எதுக்கும்மா வாங்கணும்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் ஃபிஞ்ச் வாங்கக் கூடாது. ஒன்றை ஒன்று கோதிவிட்டுக்கொண்டு, நாள் முழுக்க ஒரே குச்சியில் ஒட்டி உட்கார்ந்து, ஒன்று அந்தப் பக்கம் போனால் மற்றது பீப் பீப் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு தாம்பத்தியத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஜோடியாக வாங்குவதும் அதனால்தான். தனியாக ஒன்றை வைப்பது அதற்குத் தண்டனை.

என் மாமியார் எதிர்த்த விதம் வேறு. "கூண்டுல அடைக்கிறது பாவம்மா" என்றார். அத்தை சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. இங்கே விற்கும் ஜீப்ரா ஃபிஞ்சுகள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. திறந்துவிட்டால் அன்று மாலைக்குள் காக்கைக்கு இரை. ஆனாலும் அதைச் சொல்லிக்கொண்டு ஒரு சதுர அடியில் அடைப்பதற்கு நமக்கு உரிமை வந்துவிடாது. அவருக்கு நான் கொடுத்த பதில்தான் அந்த மூன்றடி.

கூண்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கிளி வகைகள் அலகால் கம்பியைப் பற்றி மேலே ஏறும். ஃபிஞ்ச் ஏறாது, பறக்கும். அதுவும் ஹெலிகாப்டர் மாதிரி நேர் மேலே அல்ல, பக்கவாட்டில். ஆகவே அதற்கு வேண்டியது நீளம். கோபுரம் மாதிரி உயர்ந்த கூண்டும், சினிமாவில் கதாநாயகி வீட்டில் தொங்கும் உருண்டைக் கூண்டும் நம் கண்ணுக்குத்தான் அழகு. இரண்டரை அடிக்குக் குறைந்த நீளம் ஒரு ஜோடிக்குப் போதாது. "சின்னக் குருவிக்கு எதுக்கு மேடம் இவ்ளோ பெருசு?" என்றார் கடைக்காரர். ஜோடியின் விலை சில நூறு ரூபாய், கூண்டின் விலை அதைப்போல் பல மடங்கு. அவருக்கு லாபம் தரும் பொருளை வேண்டாம் என்று அவரே தடுத்தது எனக்கு வியப்பாக இருந்தது.

கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். புதுக் கம்பிவலையில் துத்தநாகப் பூச்சு இருக்கும், அதைக் கொத்தித் தின்றால் நஞ்சு. வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவி மொட்டை மாடி வெயிலில் காயவைத்தோம். உள்ளே வந்த வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, கொய்யாக் கிளைகளை வெட்டிப் பொருத்தினோம். ஒரே தடிமனில் எப்போதும் உட்கார்ந்தால் பறவையின் பாதம் புண்ணாகும். கிளை என்றால் ஓரிடம் பருமன், ஓரிடம் மெலிவு. இரண்டு கோடியிலும் கிளை, நடுவில் வெற்றிடம், கிளைக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் கூடாது. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அடித்தட்டில் தினமும் நாளிதழ் விரிக்க வேண்டும். இந்தப் பத்தியின் இறுதி வாசகர்கள் யார் என்பதில் எனக்கு எந்தப் பிரமையும் இல்லை.

அடுத்தது இடம். சமையலறைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. பறவையின் நுரையீரல் நம்முடையது போன்றதல்ல. உடம்புக்குள் பரவியிருக்கும் காற்றுப் பைகள் துருத்தியாக வேலை செய்ய, நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சு விடும்போதும் பிராணவாயு உறிஞ்சப்படும். பறப்பதற்கு வேண்டிய ஏற்பாடு அது. காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் அதே வேகத்தில் உறிஞ்சும். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் மறந்து அது அளவுக்கு மீறிச் சூடானால் கிளம்பும் புகை நமக்குச் சின்ன இருமல், பறவைக்குச் சில நிமிடங்களில் மரணம். கொசுவத்தி, ஊதுவத்தி, ரூம் ஸ்பிரே, கரப்பான் மருந்து எல்லாமே ஆபத்துதான்.

எங்கள் வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது சாம்பிராணிக்காக. வெள்ளிக்கிழமை மாலை தூபக்காலோடு அத்தை ஓர் அறை விடாமல் சுற்றி வருவார். பல பத்தாண்டுப் பழக்கம். இனிமேல்தான் வரப்போகிற குருவிக்காக அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பூஜை ரூமோட நிறுத்திக்கிறேன், கதவைச் சாத்திக்கிறேன், ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். பாவம் என்று முதலில் சொன்னவர் அவர் என்பதை நினைவில் வையுங்கள். கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்தாயிற்று.

பால்கனியும் சரிப்படவில்லை. அங்கே காக்கை, பூனை, எலி, மே மாத வெயில் எல்லாம் உண்டு. ஏசி நேராக அடிக்கும் சுவரும் வேண்டாம். மிஞ்சியது ஹாலின் கிழக்கு மூலை. காலை வெளிச்சம் வரும், பின்பக்கம் சுவர், கண் மட்ட உயரம். குறை ஒன்றே ஒன்று, எதிரே டிவி. ஃபிஞ்சுக்கு இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். 2000ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அமிஷ் டேவ், டேனியல் மர்கோலியாஷ் என்ற இருவர், தூங்கும் ஜீப்ரா ஃபிஞ்சின் மூளையில் பகலில் பாடும்போது எழும் அதே துடிப்பு எழுவதைப் பதிவு செய்தார்கள். தூக்கத்தில் அது சாதகம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டித்தான் இரவுச் சீரியல்களைப் படுக்கையறைக்கு அனுப்பினேன். கணவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தீனி எளிது. இதில் நமக்குக் கொடுப்பினை அதிகம். வெளிநாட்டில் பாக்கெட் போட்டு விற்கும் சிறுதானியமெல்லாம் நம் மளிகைக் கடையில் இருக்கிறது. தினை, சாமை, குதிரைவாலி, கொஞ்சம் கம்பு. தோல் நீக்காததாகக் கேட்டு வாங்க வேண்டும். பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவிய கீரை, வாரம் ஓரிரு முறை வேகவைத்த முட்டையை ஓட்டோடு நசுக்கி ஒரு சிட்டிகை. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கிடைக்கும். அவகாடோவும் சாக்லெட்டும் எந்தப் பறவைக்கும் ஆகாது.

ஆனால் தீனிக் கிண்ணத்தில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. ஃபிஞ்ச் விதையை அப்படியே விழுங்காது. அலகில் உருட்டி, தோலை நீக்கி, பருப்பை மட்டும் தின்னும். தோல் கிண்ணத்திலேயே விழும். தோழி வீட்டில் பார்த்தேன். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது, மேலே ஒரு குழிகூட இல்லை. அவள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் மெல்ல ஊதினாள். மஞ்சளாகப் பறந்தது எல்லாம் தோல். அடியில் ஏழெட்டு விதை மட்டும் கிடந்தது. இத்தனை சிறிய உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பசியால் செத்த ஃபிஞ்சுகள் நிறைய உண்டு. கிண்ணத்தைப் பார்க்காதீர்கள், ஊதுங்கள்.

கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த மண்கலயத்தை நான் பரணில் போட்டுவிட்டேன். கலயத்தைக் கண்டால் அவை உடனே குடித்தனம் தொடங்கிவிடும். நாலைந்து முட்டை, பன்னிரண்டு பதினான்கு நாளில் குஞ்சு, மூன்றே மாதத்தில் அந்தக் குஞ்சும் முட்டையிடத் தயார். கேட்க இனிமையாக இருக்கும். தாயின் உடம்பில் சுண்ணாம்பு வற்றி, முட்டை வெளிவராமல் அடைத்துச் சாவது இப்படி ஓயாமல் ஈனவிடும் வீடுகளில்தான் அதிகம். குஞ்சுகள் போகப்போகும் இடத்தைத் தீர்மானிக்காமல் கலயம் வைப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை. கலயம் இல்லாவிட்டால் குச்சியிலேயே தூங்கும், குறைப்படாது.

என்றாவது ஒருநாள் வைப்பேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட செய்தி அது. வெயில் கடுமையாக இருக்கும்போது, பொரிக்கும் நாள் நெருங்கிய முட்டையிடம் ஜீப்ரா ஃபிஞ்ச் ஒரு தனிக் குரல் கொடுக்கிறது. ஓட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்ட குஞ்சுகள், சூடான கூட்டில் வளரும்போது எடை குறைவாக வளர்கின்றன. வெப்பத்தில் சிறிய உடம்பே வசதி. மேயில் வேகும் ஊரில் இருந்துகொண்டு அந்தக் குரலைக் கேட்க ஆசைப்படுவது தப்பில்லை.

வாங்கப் போகும்போது மூக்கைப் பாருங்கள். குஞ்சின் அலகு கறுப்பு. அந்தப் பருவத்தில் தாயிடமிருந்து பிரித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பெண்ணுக்கு ஆரஞ்சு, ஆணுக்கு நல்ல சிவப்பு வந்த பிறகே வாங்க வேண்டும். உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதை இரக்கப்பட்டு எடுக்காதீர்கள், அது நோய். லவ் பேர்ட்ஸோடு ஒரே கூண்டில் அடைப்பதும் வேண்டாம். அதன் கடிக்கு ஃபிஞ்சின் கால் தாங்காது.

பச்சை, ரோஜா, நீலம் என்று கலர் கலராக "ஃபாரின் ஃபிஞ்ச்" காட்டுவார்கள். பல சமயம் அது வயலில் வலை போட்டுப் பிடித்துச் சாயம் பூசிய சில்லை. இறகு உதிர்ந்தால் சாயமும் போகும், அதுவரை பறவை பிழைத்திருந்தால். சில்லையையும் பச்சைக்கிளியையும் பிடிப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான், ஆனால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதை வளர்ப்பவர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். ஜீப்ரா ஃபிஞ்சுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மருத்துவர் யார் என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள். நாய்க்குப் பார்க்கும் டாக்டர் எல்லாரும் 12 கிராம் நோயாளியைத் தொட மாட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஃபிஞ்ச் நோயை மறைக்கும். நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் நேரம் போயிருக்கும்.

எங்கள் ஜோடி தீபாவளி முடிந்து புகை அடங்கிய பிறகுதான் வரும். வெடிச் சத்தத்துக்கு நடுவே புது இடம் பழகுவது எந்தப் பறவைக்கும் ஆகாது. நீங்களும் யோசனையில் இருந்தால் அதுவரை பொறுங்கள். கொண்டுவரும் அன்று மாலையில் வாங்காமல் காலையிலேயே வாங்கி வாருங்கள். இருட்டுவதற்குள் தீனியும் தண்ணீரும் எங்கே இருக்கின்றன என்று அவை கண்டுபிடித்தாக வேண்டும்.