சனிக்கிழமை பூட்டிய கதவு

'யூதர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் இளைஞர்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? இஸ்ரேல், பாலஸ்தீனம், காஸா! பெரியவர்களைக் கேட்டால், சனிக்கிழமை மீன் பிடித்து இறைவனின் தண்டனைக்கு ஆளான கூட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டும் நாம் அறிந்தவைதான். ஆனால் சனிக்கிழமையை மீறியவர்களைத் தெரிந்து வைத்திருக்கும் நாம், அதைப் பேணி வருபவர்களைப் பற்றி ஏதாவது அறிந்திருக்கிறோமா?

நானும் அறியாதவனாகத்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மிளகு கொள்முதலுக்காகக் கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தேன். மசாலாக் கடைகள் நிறைந்த அந்தப் பகுதிக்கு ஜூ டவுன் என்று பெயர். தெருவின் கோடியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் நிற்கிறது. பார்த்துவிட்டுப் போகலாமே என்று சென்றால், கதவு பூட்டியிருந்தது.

"இன்றைக்கு சனிக்கிழமையல்லவா இக்கா, திறக்க மாட்டார்கள். நாளைக்கு வாருங்கள்" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் விடுமுறை நாள். நுழைவுச் சீட்டு விற்றால் நல்ல வசூல் ஆகும். அன்று போய்ப் பூட்டி வைத்திருக்கிறார்களே! வியாபாரியான எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஊர் திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

கல்லாப்பெட்டிக்கு ஓய்வு

ஷபாத் என்று அவர்கள் சொல்வதைத்தான் குர்ஆன் 'ஸப்து' என்று குறிப்பிடுகிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரங்கள் தெரியும்போது முடிகிறது. நம்மைப் போலவே அவர்களுக்கும் அந்தி சாயும்போதுதான் நாள் பிறக்கிறது.

வெள்ளி மாலை, பொழுது சாயுமுன் வீட்டுப் பெண்மணி விளக்கேற்றுகிறார். சாப்பாட்டு மேசையில் இரண்டு ரொட்டிகள் வைக்கப்படுகின்றன. ஏன் இரண்டு? பாலைவனத்தில் 'மன்னு' இறங்கிய காலத்தில், ஓய்வு நாளில் யாரும் தேடி அலையக் கூடாது என்பதற்காக முந்திய நாளே இரட்டைப் பங்கு கிடைத்தது என்பது அவர்களின் வேதம் சொல்லும் செய்தி. நபி மூஸா (அலை) அவர்களின் சமுதாயத்துக்கு இறங்கிய அந்த 'மன்னு' நமக்கும் தெரிந்ததுதானே!

அந்த நாளில் செய்யக் கூடாத வேலைகளை அவர்களுடைய மார்க்க அறிஞர்கள் 39 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். விதைப்பது, நெருப்பு மூட்டுவது, எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். விற்பதும் வாங்குவதும் கூடாது. கண்டிப்பாகப் பேணுகிறவர்கள் காசைக் கையால் தொடுவதுகூட இல்லை. ஆனால் ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் இத்தனை தடைகளும் விலகிவிடும். அப்போது உதவிக்கு ஓடுவது அனுமதி மட்டுமல்ல, கடமையே ஆகிவிடும்.

யூதர்கள் எல்லோரும் இப்படித்தான் வாழ்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பேணாதவர்களும் ஏராளம். நம்மில் தொழாதவர்கள் இல்லையா?

ஷபாத் முடியும்போது கிராம்பு போன்ற வாசனைப் பொருள்களை முகர்ந்து அந்த நாளை வழியனுப்புகிறார்கள். மூட்டை மூட்டையாகக் கிராம்பு விற்கும் நாம் அதில் லாபத்தின் வாசனையை மட்டுமே அறிவோம்!

பாக்கி தீர்க்கும் நாள்

அவர்களின் நாள்களில் மிகப் புனிதமானது யோம் கிப்பூர். திஷ்ரி மாதம் பத்தாம் நாள். சுமார் 25 மணி நேரம் உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை. முழுக்க முழுக்கப் பாவமன்னிப்புக்கான நாள்.

அதில் ஒரு விதி என்னை உலுக்கியது. இறைவனுக்குச் செய்த பாவத்துக்கு அன்று மன்னிப்பு உண்டு. சக மனிதனுக்குச் செய்த பாவத்துக்கோ, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தாதவரை அந்த நாளும் பரிகாரம் ஆகாது. ஆகவே நோன்புக்கு முந்திய நாள்களில் ஒருவரை ஒருவர் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்பது அவர்களின் வழக்கம்.

வியாபாரச் சகோதரர்களே! அடியானின் ஹக்கை அடியானே மன்னிக்க வேண்டும் என்று நம் உலமாக்களும் மேடைதோறும் சொல்கிறார்கள். ஆனால் சரக்குக்காரரின் பாக்கியை இழுத்தடித்துவிட்டு, வேலைக்காரப் பையனின் கூலியில் கை வைத்துவிட்டு, ரமலானில் இரவெல்லாம் நின்று தொழுதால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

வெறுப்பும் நீதியும்

"காஸாவில் இத்தனை கொடுமை நடக்கும்போது யூதர்களின் பண்டிகையைப் பற்றி எழுதுகிறாயே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கோபம்தான். நிலத்தைப் பறித்து, குழந்தைகளைக் கொல்லும் அரசைக் கண்டிப்போம், உரக்கக் கண்டிப்போம். அந்தக் கொடுமையை எதிர்த்து வீதியில் இறங்கிய யூதர்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பதுதானே நமக்கு இடப்பட்ட கட்டளை? ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிர்தான் என்று தோழர்களுக்கு உணர்த்தினார்கள்.

1948-க்குப் பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இன்று எஞ்சியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜூ டவுனில் துணியில் பூவேலை செய்து விற்றுவந்த சாரா கோஹன் என்ற மூதாட்டி 2019-ல் தமது 96-ஆம் வயதில் மறைந்தார். தள்ளாத காலத்தில் அவரையும் அவர் கடையையும் பார்த்துக்கொண்டவர் அதே தெருவில் வியாபாரம் செய்துவந்த ஒரு முஸ்லிம்! எந்த அரசியலும் அந்த உறவைக் கெடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. அவர்கள் ஒரு நாள் முழுவதும் கடையை அடைக்கிறார்கள். நமக்கோ வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக ஒரு மணி நேரம் போதும். தொழுது முடித்ததும் மீண்டும் கடை திறக்கலாம். அந்த ஒரு மணி நேரத்திலும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, "இந்த ஒரு பில்லைப் போட்டுவிட்டு வருகிறேன்" என்று குத்பா முடியும் நேரத்தில் ஓடிய கூட்டத்தில் நானும் ஒருவன். மட்டாஞ்சேரியில் பூட்டிய கதவின் முன் நின்ற அன்றுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது பாங்கு ஒலிக்குமுன்பே ஷட்டர் முழுவதும் இறங்கிவிடுகிறது. வியாபாரம் குறைந்துவிடவில்லை.

உங்கள் கடையில் எப்படி, சகோதரர்களே?