புல்லா, மண்ணா, சிமென்ட்டா?

டென்னிஸில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுவது உண்டு. 1987 டிசம்பரில் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்காக இந்திய அணி ஸ்வீடனின் கோதன்பர்க் நகருக்குப் போனபோது, கூரை வேய்ந்த அரங்குக்குள் களிமண் தரை காத்திருந்தது. புல்தரையில் பழகிய இந்தியர்கள் 0-5 என்று தோற்றார்கள். இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. எந்தத் தரையில் ஆடுவது என்று முடிவு செய்வது போட்டியை நடத்தும் நாட்டின் உரிமை. அதே ஆண்டில், களிமண்ணில் கைதேர்ந்த அர்ஜென்டினாவை டெல்லியின் புல்தரைக்கு வரவழைத்து 3-2 என்று வீழ்த்தியபோது இந்தியா பயன்படுத்தியதும் அதே உரிமையைத்தான்.

புல்லில் பந்து அதிகம் எழும்பாது, வழுக்கிக்கொண்டு விரையும். சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வருபவருக்கு அது சொர்க்கம். களிமண்ணில் பந்து வேகம் இழந்து உயரே எழும், பொறுமைசாலி ஜெயிப்பார். 1960, 1961 ஆண்டுகளில் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றதிலிருந்து, லியாண்டர் பயஸ் 1995இல் டெல்லியில் குரோஷியாவின் இவானிசெவிச்சைச் சாய்த்தது வரை, இந்திய டென்னிஸின் பெருமைகளில் கணிசமானவை புல்லில் முளைத்தவை.

ஆனால் உலகம் புல்லை எப்போதோ கைவிட்டுவிட்டது. அமெரிக்க ஓபன் 1974உடன் புல்லுக்கு விடை கொடுத்தது. ஆஸ்திரேலிய ஓபன் 1988இல் கடினத் தரைக்கு மாறியது. நான்கு பெரிய போட்டிகளில் இன்று புல்லில் நடப்பது விம்பிள்டன் மட்டுமே. ஆண்டு முழுவதும் நடக்கும் போட்டிகளில் புல்லுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். சொந்த மண்ணில் ஒரு வெற்றிக்குப் புல் உதவலாம். ஆட்டக்காரரை உருவாக்க உதவாது. அந்த வெற்றிக்குக்கூட உத்தரவாதமில்லை. 2019இல் கொல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரைக்கு வந்த இத்தாலி 3-1 என்று ஜெயித்துவிட்டுப் போனது. மறுபுறம், 1993இல் ஃபிரான்ஸை அதன் சொந்தக் களிமண்ணிலேயே, ஃபிரெஜு நகரில், ரமேஷ் கிருஷ்ணனும் பயஸும் 3-2 என்று வென்றார்கள்.

டேவிஸ் கோப்பைக்கு இத்தனை யோசித்துத் தரையைத் தேர்ந்தெடுக்கும் நாட்டில், பள்ளிக்கூடங்களும் நகராட்சிகளும் குடியிருப்புச் சங்கங்களும் தேர்ந்தெடுக்கும் விதம் வேறு. ஒரு வண்ணப் புத்தகம் வருகிறது. நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் படத்தில் விரல் வைக்கப்படுகிறது. திறப்பு விழாவில் நாடா வெட்டப்படுகிறது. இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் நடுவே விரிசல், மூலையில் தேங்கிய நீர், ஓரத்தில் வழுக்கும் பாசி. குற்றம் பெயின்ட்டின் மீது விழுகிறது.

உண்மையில் அந்த அக்ரிலிக் பூச்சு சில மில்லிமீட்டர் கனமுள்ள மேல்தோல்தான். அதில் கலக்கும் மணலின் அளவுதான் பந்தின் வேகத்தை நிர்ணயிக்கிறது. ஒரே நீல நிறத்தில் வேகமான களமும் உண்டு, மந்தமான களமும் உண்டு. களத்தின் ஆயுளோ அடியில் இருக்கிறது. தக்காணத்தின் கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். அதன் மேல் நேரடியாகச் சிமென்ட் தளம் போட்டால், மண் பிளக்கும்போது தளமும் பிளக்கும். ஆடும் பகுதி 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம். சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்தால் சுமார் 670 சதுர மீட்டர். இவ்வளவு பரப்பில் விழும் மழை ஓடுவதற்கு, 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் ஒரே சீரான சரிவு வேண்டும். பணத்தைக் கொடுப்பதற்கு முன் தளத்தை நனைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் விட்டுப் பார்க்கலாம். ஒரு நாணயத்தின் கனத்துக்கு மேல் எங்காவது நீர் நின்றால் வேலை சரியில்லை என்று அர்த்தம். செலவில்லாத சோதனை இது, செய்பவர்கள்தான் குறைவு.

மண் தரை இதைவிட மலிவு. முழங்காலுக்கும் இதமானது, வளரும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. பந்து மெதுவாக வருவதால், ஒரே அடியில் முடித்துவிடும் அவசரம் போய், புள்ளியைக் கட்டி எழுப்பும் பழக்கம் வரும். ஆனால் அது தினமும் கவனிப்பு கேட்கும் பிள்ளை. காலையில் நீர் தெளித்து, உருளை ஓட்டி, கோடு போட ஓர் ஆள் வேண்டும். குடிநீருக்கே குடங்கள் வரிசை கட்டும் ஊரில் இது நியாயமா என்ற கேள்வியும் நியாயமானதே. செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பார்கள். ஆனால் அதில் தூவிய மணலைச் சமப்படுத்தித் துலக்காவிட்டால் இறுகிப்போகும். கோடை நண்பகலில் அதன் மீது வெறுங்காலோடு நிற்க முடியாது.

ஆகவே எது சிறந்த தரை என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. கேட்க வேண்டியவை வேறு: ஆடப் போவது யார்? அடியில் இருப்பது என்ன மண்? மழை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? முக்கியமாக, நாடா வெட்டியவர்கள் போன பிறகு காலையில் வந்து அதைப் பராமரிக்கப் போவது யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில்? பெரும்பாலான திட்ட மதிப்பீடுகளில் கட்டுவதற்கு ஒரு தொகை இருக்கும். காப்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. கையில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு எந்தத் தரை கிடைக்குமோ அதைப் போடுவதே புத்திசாலித்தனம். நன்றாக உருட்டிய மண் தரையில் ஒரு சிறுமி பத்து வருடம் ஆடலாம். வெடித்துப்போன நீலத் தளத்தில் துணிதான் காயும்.