சுவிட்ச் யார் கையில்?

உங்க லேப்டாப்பில் இன்டெல் பிராசஸரா? அப்படின்னா நீங்க இன்ஸ்டால் பண்ணாத இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் அதில் ஓடிக்கிட்டு இருக்கு. பேர் மேனேஜ்மென்ட் எஞ்சின். சிப்செட்டுக்குள்ள தனியா இருக்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர். நீங்க விண்டோஸ் போட்டாலும் லினக்ஸ் போட்டாலும் அதுக்குக் கவலையில்லை. ஷட் டவுன் பண்ணின பிறகும் பவர் வந்துக்கிட்டு இருந்தா அதனால் விழித்திருக்க முடியும். 2015-இல் வந்த ஸ்கைலேக் முதல் அதில் ஓடுவது மினிக்ஸ். ஓஎஸ் பாடத்தில் நாம் படிக்கும் டானன்பாம் உருவாக்கிய அதே மினிக்ஸ்தான். இந்த விஷயம் அவருக்கே 2017-இல் செய்தி பார்த்துதான் தெரிந்தது!

"ஆபீஸ்ல நூறு கம்ப்யூட்டரை உட்கார்ந்த இடத்துல இருந்தே சரி பண்ண இது வேணுமே?" நியாயமான கேள்வி. ஆபீஸ் மாடல்களில் வரும் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி அதுக்குத்தான். ஆனா 2017 மே மாதம் அதில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. லாகின் சரிபார்க்கும்போது எத்தனை எழுத்தை ஒப்பிடணும் என்பதை, வந்த பதிலோட நீளத்தை வைத்தே முடிவு பண்ணியிருந்தாங்க. பதிலைக் காலியா அனுப்பினா நீளம் பூஜ்யம். ஒப்பிட எதுவுமில்லை, அதனால "சரி". நீங்கதான் அட்மின்! சி லேபில் நாம இப்படி எழுதினா மார்க் போயிடும். இது பல வருஷமா யார் கண்ணிலும் படவில்லை. காரணம் எளிது: கோடு பூட்டி இருக்கு, வெளியாள் படிக்க முடியாது.

இது நம்மை உளவு பார்க்குதுன்னு நான் சொல்லவில்லை. என் கோபம் வேற. அதே 2017 ஆகஸ்டில், பூட் ஆன பிறகு இந்த எஞ்சினை முடக்கும் ஒரு மறைவான பிட்டை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்க அரசின் உயர் பாதுகாப்புத் திட்டத்துக்காக, கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் கேட்டதால் வைத்தது என்று இன்டெலே ஒப்புக்கொண்டது. அதாவது, ஆஃப் பண்ண முடியும். அரசாங்கம் கேட்டா கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய நமக்குக் கிடையாது.

ஏஎம்டி வாங்கினா தப்பிச்சுடலாமா? அங்கேயும் இதே மாதிரி ஒரு செக்யூரிட்டி பிராசஸர் உட்கார்ந்திருக்கு.

இப்போதைக்கு பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. ஆபீஸ்ல இருந்து கழிச்ச லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தா, பயாஸில் அந்த ரிமோட் வசதி ஆன்ல இருக்கான்னு பாருங்க; இருந்தா நிறுத்துங்க. ஆனா இது தற்காலிகம்தான். நாளைக்கு சிப் கம்பெனிகளில் வேலைக்குப் போகப் போறவங்க நம்மில் நிறைய பேர். பொருளை வாங்கினவர் கையில்தான் சுவிட்ச் இருக்கணும்னு அங்கே கேட்கவேண்டியதும் நாமதான்.