தொலைவில் நின்றும் துயர் துடைக்கலாமா?

மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரால் மட்டும் நிறைவேறும் செயலன்று. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் எனத் திருக்குறளின் 95ஆம் அதிகாரம் வகுத்துரைக்கிறது. இந்நான்கும் பிரிந்து நின்றால் என்ன நேரும் என்பதை 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று நமக்கு உணர்த்தியது.

அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. தொடர்வண்டிகளும் பேருந்துகளும் நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவைப்பட்டது. புற்றுநோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். கீமோதெரபி மருந்துகள் வெள்ளணுக்களைக் குறைத்து நோய் எதிர்ப்பாற்றலைத் தளர்த்துவன. ஆதலின், மருத்துவமனைக்குச் சென்றால் தொற்றுக்கு அஞ்ச வேண்டும். செல்லாதிருந்தால் நோய் முற்றுவதற்கு அஞ்ச வேண்டும். இவ்விரு அச்சங்களுக்கிடையே உறவினரும் வர இயலாத தனிமை வேறு!

ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகளை நடுவண் அரசு வெளியிட்டது. வலிதணிப்பு மருத்துவர்கள் தொலைபேசி வழியே நோயாளிகளை அணுகினர். பயணச் செலவும் அலைச்சலும் இன்றி மருத்துவரின் குரலைக் கேட்டதே பலருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. நாற்கூறுகளுள் நோயாளியும் மருத்துவரும் இவ்வாறு இணைந்தனர். இந்நன்மையை எவரும் மறுத்தல் இயலாது.

ஆனால், எஞ்சிய இரண்டும் என்னாயின?

முதலில் மருந்தைக் காண்போம். கடும் புற்றுவலிக்கு முதன்மையான மருந்து மார்பின். சாதாரண மார்பின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திற்குள் அடங்கிய மருந்துகளைத் தொலைவழியே எழுதித்தருவதை 2020இல் வெளியான நெறிமுறைகள் தடைசெய்தன. தீய நோக்கில் பயன்படுத்துவதைத் தடுக்க எழுந்த விதிதான். ஆயினும், வலியால் துடித்தவருக்குக் குரல் எட்டியது, மருந்து எட்டவில்லை.

அடுத்து, அருகிருந்து பணிசெய்பவர். கைதோறும் செல்பேசி இருக்க நேரில் செல்வது எதற்கு எனச் சிலர் வினவலாம். முதுகில் கண்ட படுக்கைப்புண்ணைச் செல்பேசி கழுவிக் கட்டுமா? தமக்கெனச் செல்பேசி இல்லாத முதிய தாய், மகனின் செல்பேசியில், மகனும் மருமகளும் சூழ்ந்திருக்க, தம் உடலின் துன்பத்தையும் உள்ளத்தின் அச்சத்தையும் எங்ஙனம் கூறுவார்? முன்பே நேரில் கண்டு பழகிய மருத்துவரின் குரல் தரும் நம்பிக்கையை அறியாத குரல் தருவதில்லை.

ஆகவே, தொலைமருத்துவம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. அது துணையாக நிற்கவேண்டும். நேர்ப்பணிக்கு மாற்றாகி விடலாகாது. முதற்சந்திப்பு நேரில் நிகழவேண்டும். மார்பின் முறையான கண்காணிப்புடன் நோயாளியின் ஊருக்கு அருகிலேயே கிடைக்கவேண்டும். இல்லம் செல்லும் செவிலியர் நோயாளியின் அருகிலிருந்து தொலைவிலுள்ள மருத்துவருடன் பேசினால் நாற்கூறுகளும் ஒன்றுகூடும்.

இது கனவன்று. 1993இல் கோழிக்கோட்டில் அரும்பிய வலிதணிப்பு இயக்கம், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டே கேரளத்தின் இல்லங்களை எட்டியது. 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வலிதணிப்புப் பணியையும் இல்லத்திற்கே கொண்டுசெல்கிறது. இத்தகைய பணிக்குத் துணைக்கரங்கள் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! மருத்துவம் பயின்றவர்தாம் இப்பணிக்கு உரியவர் என்று ஒதுங்கிவிடாதீர்கள். முறையான பயிற்சி பெற்று, வாரம் ஒரு மணி நேரம் ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து அவர் சொல்வதைச் செவிமடுப்பதும் மருத்துவத்தின் ஒரு கூறே. நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோர்களும் இதற்கு வழிவகுத்தல் வேண்டும். மற்றொரு கொள்ளைநோய் வந்து கதவுகள் அடைபடும் முன்னரே, அந்த நான்காம் கூறாக நிற்க நாம் அணியமாவோம்.