அரைப்பேர்: தராசுக்கு முன்னும் பின்னும்

மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். செக்ரோலில் முழுப்பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் முழுதாக வரும். அரைப்பேர் என்றால் பாதிதான். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலை ஏறி, மாலை வரை கொழுந்து எடுத்த பெண் அன்று முழு ஆளா அரை ஆளா என்பது கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் முடிவாகிறது.

வடக்கு கிழக்கிலிருந்து இந்தச் சம்பளப் போராட்டங்களைப் பார்க்கும் நாம் பெரும்பாலும் தொகையைத்தான் கவனிக்கிறோம். 2021 மார்ச்சில் 1000 ரூபா, 2024 செப்டம்பரில் 1350, 2026 ஜனவரி முதல் 1750 என்று வரவு செலவுத் திட்ட அறிவிப்பு. இதில் 200 ரூபா அரசாங்கம் கொடுக்கும் வரவு ஊக்கத்தொகை. ஆனால் பதுளையிலோ பசறையிலோ ஒரு லயத்தில் போய்க் கேட்டால், முதலில் வரும் பேச்சு கிலோவைப் பற்றியதாக இருக்கும். எத்தனை கிலோ எடுத்தால் பேர்?

2021இல் சம்பள நிர்ணய சபை தலையிட்டு 1000 ரூபாவைத் தீர்மானித்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதன் பின் கிலோ கணக்கு பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கைக்குப் போனது. 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறுகிறது. சம்பளம் ஏறிய கையோடு பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது. அதே ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, செடியில் கொழுந்து குறைந்தது.

தராசு பொய் சொல்லாது என்பார்கள். சரி, தராசை நம்புவோம். ஆனால் தராசுக்கு முன்பே எத்தனையோ முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எந்த மலைக்கு யாரை அனுப்புவது, அந்த மலையில் கடைசியாக எப்போது கொழுந்து எடுத்தது, புல் வெட்டியிருக்கிறதா, செடி எத்தனை வயதுக் கிழடு? தராசுக்குப் பிறகும் உண்டு: சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழிவு. ஈரத்தை அளக்க அங்கே கருவி எதுவும் இல்லை, கணக்கப்பிள்ளையின் கண்தான். கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், கண் பெரும்பாலும் ஆணுடையது. வீட்டுத்திட்டப் பட்டியலுக்குப் புள்ளி போட்ட உத்தியோகத்தரை நினைவிருக்கும் வன்னி வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களின் முதியவர்களைக் கேளுங்கள், அரைப்பேர் என்ற சொல் அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

ஊவாவில் இது இன்னும் மோசம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலைத்தொடரைத் தாண்டி வரும் வரண்ட கச்சான் காற்றில் பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்துச் செடிகள் வாடித் தளிர் விடுவது குறைகிறது. அந்த வாட்டம்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடும் வாசனையைக் கொடுக்கிறது. கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி விலை. ஆக, கம்பனிக்கு மிகப் பெறுமதியான கொழுந்தைப் பறிக்கும் வாரங்களில்தான் பறிப்பவருக்கு அரைப்பேர் விழும் ஆபத்து அதிகம். இதை வேலைத்திறன் என்று எப்படிச் சொல்வது?

கம்பனிகளோ உற்பத்தித்திறனுக்கு ஏற்ற சம்பளம் என்றே பேசுகின்றன. 2016 ஒப்பந்தத்தின் 730 ரூபாவில் 140 ரூபா உற்பத்தித்திறன் கொடுப்பனவு. 2019இல் அது எடுக்கப்பட்டது. 2024இல் 1700 ரூபா பேசப்பட்டபோது 350 ரூபாவாகத் திரும்ப வந்தது. அளவுகோல் யார் கையில் என்ற கேள்வியை மட்டும் எந்த மேசையிலும் ஒழுங்காகக் கேட்கவில்லை. புதிய 200 ரூபாவும் அதே செக்ரோல் வரவிலிருந்துதான் கணக்காகப் போகிறது.

சிறுதோட்டக்காரரின் பச்சைக் கொழுந்துக்கு ஏல விலையை வைத்து மாதாமாதம் விலை தீர்மானிக்க அரசாங்கத்திடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதே அரசாங்கத்தால் மாதத்துக்கும் மலைக்கும் ஏற்ற கிலோவை வர்த்தமானியில் எழுதவும், நிறுத்த கையோடு கழிவு உட்பட ஒரு துண்டைக் கையில் கொடுக்கும்படி கம்பனிகளுக்குச் சொல்லவும் முடியும். இப்போதைக்கு, மழைக்குப் பின் கொழுந்து பொங்கும் மாதத்துக்கும் காற்றில் செடி கருகும் ஆகஸ்டுக்கும் பல தோட்டங்களில் ஒரே கிலோதான்.