சிறையிலடைக்கத் தோதான வங்கி

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் அமெரிக்காவின் எளிய குடும்பங்கள் பல இலட்சம் வீடுகளை இழந்தன. அந்நெருக்கடியை ஒட்டி, வீட்டுக்கடன் மோசடிக்காக அங்கே குற்றவியல் வழக்கைச் சந்தித்த வங்கி ஒன்றே ஒன்றுதான். வால் ஸ்ட்ரீட்டின் பெரும் வங்கிகளுள் ஒன்றல்ல அது. நியூயார்க்கின் சைனாடவுனில் ஒரு சீனக் குடும்பம் நடத்தும் அபாகஸ் ஃபெடரல் சேமிப்பு வங்கி. அளவின் வரிசையில் 2,651ஆம் இடத்தில் இருந்தது. ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கி 2016இல் வெளிவந்த ‘அபாகஸ்: ஸ்மால் இனஃப் டு ஜெயில்’ ஆவணப்படம் இவ்வழக்கின் கதையைச் சொல்கிறது.

வங்கியை 1984இல் நிறுவியவர் ஷாங்காயில் பிறந்த வழக்கறிஞர் தாமஸ் சங். சைனாடவுன் மக்களின் சேமிப்பை ஆவலோடு பெற்றுக்கொண்ட மற்ற வங்கிகள், அவர்களுக்குக் கடன் தர முன்வரவில்லை என்பதே அவரைத் தூண்டியது. உணவகங்களில் உழைப்போர் பலருக்குக் கூலி ரொக்கமாகவே வரும். வீடு வாங்குவதற்கான முன்பணத்தை உறவினர் கூடித் திரட்டுவர். இந்த வாழ்க்கை கடன் விண்ணப்பத்தின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. உறவுக்குள் கைமாறும் பணம் கடனா, கொடையா என்று கேட்டால், திருப்பித் தருவதும் தராததும் உறவின் கணக்கு. படிவமோ ‘கொடை’ என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்கிறது.

2009 டிசம்பரில் ஒரு வீட்டுக்கடன் கையெழுத்தாகும் வேளையில், கடன் பிரிவு ஊழியர் ஒருவரின் முறைகேடு சங்கின் மகள் வெராவுக்குத் தெரியவந்தது. வங்கி அவரைப் பணிநீக்கியது. ஒழுங்காற்று அமைப்புக்குத் தானே தகவல் அளித்தது. ஆயினும் 2012 மே மாதம், மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்குரைஞர் சைரஸ் வான்ஸ் வங்கியின் மீதே வழக்குத் தொடுத்தார். பொய்யான ஆவணங்களைக் காட்டி ஃபேனி மே நிறுவனத்திடம் கடன்களை விற்றது திருட்டு என்பது குற்றச்சாட்டு. அக்கடன்களில் தவணை தவறியவை நாட்டின் சராசரியைவிட மிகக் குறைவு என்பது வேறு செய்தி.

பொய்யான வேலைச் சான்று பொய்ச் சான்றுதான். முன்னாள் ஊழியர் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் உண்மை. படம் இவ்விடத்தைச் சற்று விரைந்தே கடக்கிறது. நமது கேள்வி வேறு: குற்றமென்று காண்பவற்றுள் எதைத் தொடுப்பது, எதை விடுவது என்னும் விருப்புரிமை யார்மீது பாய்கிறது? 2012 டிசம்பரில், போதைப்பொருள் கும்பல்களின் பணம் தன் வழியே பாய இடமளித்த எச்.எஸ்.பி.சி. வங்கி, 190 கோடி டாலர் செலுத்தும் உடன்பாட்டின் மூலம் குற்றவியல் விசாரணையைத் தவிர்த்தது. சில நிறுவனங்களின் பேருருவமே அவற்றின்மீது வழக்குத் தொடுப்பதைக் கடினமாக்குகிறது என்று தலைமை அரசு வழக்கறிஞர் எரிக் ஹோல்டர் 2013இல் செனட்டில் கூறினார். ஒன்று மத்திய அரசின் அதிகாரம், மற்றது மாவட்டத்தின் அதிகாரம் என வாதிடலாம். ஆனால் வால் ஸ்ட்ரீட்டும் மன்ஹாட்டனில்தான் இருக்கிறது. சைனாடவுனிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இந்நாள், முன்னாள் ஊழியர்கள் கைவிலங்கிட்டு, ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டு, ஒளிப்படக் கருவிகளின் முன் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடத்திச் செல்லப்பட்டனர். காவலுக்கான தேவை ஏதுமின்றி, ஊடகத்துக்காக மட்டும் ஒருவரை நடத்திக் காட்டுவது அரசமைப்புக்கு முரண் என்று, நியூயார்க்கை உள்ளடக்கிய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே லாரோ வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. சங்கின் இன்னொரு மகள் சாண்டெரெல் அப்போது அதே வான்ஸின் அலுவலகத்தில் அரசு வழக்கறிஞர். பின்னர் பதவி விலகினார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளக் குடும்பம் மறுத்தது. நான்கு மாத விசாரணைக்குப்பின், 2015 ஜூன் 4 அன்று, அனைத்துக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஜூரி வங்கியை விடுவித்தது. அதற்குள் ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவாகியிருந்தது. வழக்குத் தொடுத்தது சரியே என்று வான்ஸ் படத்தில் வாதிடுகிறார். அவருக்கும் பேச இடமளித்திருப்பது படத்தின் நேர்மை.

எனினும் கேமரா பெரும்பாலும் சங் குடும்பத்தின் உணவு மேசையைச் சுற்றியே நிற்கிறது. தந்தையும் மகள்களும் சட்டம் பயின்ற குடும்பம் அது. செலவைத் தாங்கும் வலுவும் இருந்தது. சங்கிலியில் நடந்த ஊழியர்கள் தமக்கான வழக்கறிஞரை எப்படித் தேடினார்கள், விடுதலைக்குப்பின் எந்த வங்கி அவர்களுக்கு வேலை தந்தது என்பதையும் படம் பின்தொடர்ந்திருக்க வேண்டும்.